வருகைப்பதிவு, சம்பளச் செயலி: வாங்கலாம், கண்காணிப்பை விட்டுவிட்டு

2020 மார்ச்சில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கே விரல்ரேகைப் பதிவை நிறுத்திவைத்தபோது, கோவையில் பம்ப்செட் உதிரிபாகம் தயாரிக்கும் எங்கள் நிறுவனமும் வாசலில் இருந்த கருவியைக் கழற்றி வைத்தது. ஊரடங்கு தளர்ந்த பிறகு அலுவலகத்தினர் பாதிப் பேர் வீட்டிலிருந்தும் பட்டறையினர் மூன்று ஷிஃப்டிலுமாக வேலை பார்த்ததால், பதிவேட்டை வைத்துச் சம்பளம் போட முடியாமல், ஆள் கணக்கில் மாதக் கட்டணம் வாங்கும் இந்தச் செயலிக்கு மாறினோம். மனிதவளப் பிரிவில் இதைத் தினமும் கையாள்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

விடுப்புப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லேத் ஓட்டுபவர் கைபேசியில் விண்ணப்பித்த உடனே மேற்பார்வையாளருக்குத் தகவல் போய்விடுகிறது. கையிருப்பில் எத்தனை நாள் என்பதில் இருவருக்கும் தகராறு வருவதில்லை.

சம்பளக் கணக்கில்தான் கவனம் தேவை. தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்புக் காலத்தின் நடுவில் ஒருவர் ஊதிய உயர்வால் அந்த வரம்பைத் தாண்டினாலும், செப்டம்பர் முடியும்வரை அவரிடம் 0.75 சதவீதமும் நிறுவனத்திடம் 3.25 சதவீதமும் பிடித்தாக வேண்டும். செயலியோ வரம்பைத் தாண்டிய மாதமே பிடித்தத்தை நிறுத்திவிட்டது. புகார் செய்த பிறகு திருத்திக் கொடுத்தார்கள் என்றாலும், சட்டம் தெரியாதவர்களா இதை வடிவமைத்தார்கள் என்று கேட்கத் தோன்றியது. இரவு ஷிஃப்டு நள்ளிரவைத் தாண்டும்போது ஒரே வேலை இரண்டு அரைநாளாகப் பிரிந்து, சம்பளமில்லா விடுப்பாக விழுவது இன்னும் தீரவில்லை. தகரக் கூரையின் கீழ் இருப்பிடம் சரியாகப் பதிவாகாமல், உள்ளே நிற்பவரை எதிர்ச்சாரி டீக்கடையில் காட்டுவதும் உண்டு.

2023 அக்டோபரில் டி.சி.எஸ். தன் ஊழியர்களை வாரம் 5 நாளும் அலுவலகத்துக்கு அழைத்ததைப் பார்த்து எங்கள் நிர்வாகத்துக்கும் அதே ஆசை வந்தது. அப்போது விற்பனைப் பிரதிநிதி, வீட்டில் இருப்பவர்களின் கணினித் திரையை அவ்வப்போது படமெடுக்கும் வசதியைக் கூடுதல் கட்டணத்துக்கு நீட்டினார். வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். ஜி.எஸ்.டி. கணக்கை நேரத்துக்கு முடித்துத் தரும் ஒருவரைப் படமெடுத்துத் தெரிந்துகொள்ள ஏதுமில்லை. அவர் மனம் கசந்து விலகினால், அந்த இடத்துக்கு ஆள் பிடித்துப் பழக்குவதற்கு இந்தச் செயலியின் ஆண்டுச் சந்தாவைவிட அதிகம் செலவாகும்.

ஐம்பது, நூறு பேர் உள்ள நிறுவனங்கள் இதை வாங்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வரம்பைத் தாண்டிய ஒருவரின் ஊதியத்தையும் ஓர் இரவு ஷிஃப்டையும் கொடுத்து, சம்பளப் பட்டியலைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.