கம்பளி எல்லோருடையது

உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சிடும் எட்சிங் கலையைப் பழகுவதற்காக அந்தப் பொது அச்சுப் பட்டறையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வெளியே ஓவியர் குழு என்று பலகை தொங்குகிறது. உண்மையில் எங்கள் பதினொரு பேரையும் சேர்த்து வைத்திருப்பது, தனியாக யாராலும் வாங்க முடியாத ஓர் உருளை அச்சு இயந்திரம்தான்.

முதல் நாள் மூத்த உறுப்பினர் ஒருவர் என் செப்புத் தகட்டை வாங்கினார். படத்தைப் பார்க்கவே இல்லை. கட்டை விரலால் விளிம்பைத் தடவிவிட்டு அரத்தை நீட்டினார். "தம்பி, நாலு பக்கமும் சரிவாக ராவுங்கள். இப்படியே உருட்டினால் ஈரத்தாள் கிழியும், அதன் மேல் விரிக்கும் கம்பளியும் வெட்டுப்படும். கம்பளி எல்லோருடையது." அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ராவினேன். இன்று புதிதாக வருபவர்களின் விளிம்பை நான்தான் தடவிப் பார்க்கிறேன்.

மை துடைத்த கையோடு தாளைத் தொட முடியாது. சுத்தமான கை உள்ள ஒருவர் தாளை எடுத்து வைக்க வேண்டும். எனக்கு வைத்துத் தருபவருக்கும் எனக்கும் ரசனையில் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அவர் வராத நாளில் எனக்கு வேலை ஓடுவதில்லை.

1927இல் அச்சு ஓவியர் ஹேட்டர் பாரிஸில் தொடங்கிய அட்லியே 17 பட்டறையும் இப்படிப் பலர் கூடி உழைத்த இடம்தான். அங்கே இந்திய அச்சு ஓவியர் கிருஷ்ணா ரெட்டியும் மற்றவர்களும் வளர்த்த பல வண்ண முறையை இங்கே ஓர் அக்கா கற்றுத்தருகிறார். எண்ணெய் கூடிய இளகிய மையைக் கடின உருளையால் தகட்டின் மேட்டில் ஏற்றி, கெட்டி மையை மென்மையான உருளையால் பள்ளம்வரை இறக்குவார். மேட்டில் இருக்கும் எண்ணெய் மை கெட்டி மையை ஒட்டவிடாது. ஒரே தகடு, ஒரே உருட்டல், இரண்டு நிறம்! இதற்காகவே சேரலாம்.

குறைகள் உண்டு. தகட்டில் நிழல் சாயல் கொண்டுவரும் அக்வாடின்ட் முறைக்கான பெட்டியின் குங்கிலியத் தூசியை வெளியேற்ற விசிறி கிடையாது. முகமூடி இல்லாமல் போகாதீர்கள். முன்பதிவு நோட்டில் பென்சிலால் எழுதினால் அழித்துவிடுகிறார்கள், பேனாவால் எழுதுங்கள். உலர்ந்த படங்களையும் சிலர் வாரக்கணக்கில் எடுப்பதில்லை. இருபது பிரதி எடுக்க நினைத்த நான் ஏழோடு நிற்கிறேன். எட்டாவதை வைக்க அடுக்கில் இடமில்லை.