ஆர்ஏ ஃபேக்டரா, ஆன்டி சிசிபியா?

காலையில் விரல்களை மடக்க முடியவில்லை, இளகுவதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் முடக்குவாதமாக (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்ஏ) இருக்கலாம் என்று மருத்துவர் ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் எழுதுவார்.

ஆர்ஏ ஃபேக்டர் பழையது. நார்வேயின் எரிக் வாலர் 1940-இல் விவரித்தது. கிருமிகளை எதிர்க்க நம் உடல் உருவாக்கும் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளையே எதிரியாக நினைத்துப் பற்றிக்கொள்ளும் இன்னொரு எதிர்ப்பொருள்தான் இது. செலவு குறைவு. ஆனால் ஹெபடைடிஸ் சி, காசநோய், ஏன், வெறும் முதுமையிலும்கூட பாசிட்டிவ் என்று வரலாம். இந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து இடிந்துபோகிறவர்களை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஆன்டி சிசிபி குறி தவறுவது குறைவு. புரதத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலினாக மாறும்போது, சிலருடைய உடல் அதை அந்நியமாகப் பார்க்கிறது; அதற்கு எதிராக உருவாக்கும் எதிர்ப்பொருள்தான் ஆன்டி சிசிபி. புகைபிடிப்பவர்களின் நுரையீரலில் இந்த மாற்றம் கூடுதலாக நடக்கிறது. மூட்டு வலிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் தென்படலாம். அளவு அதிகமாக இருந்தால் எலும்பு அரிப்புக்கான வாய்ப்பும் அதிகம். அதனால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால்? நான் ஆன்டி சிசிபி என்பேன். இரண்டும் நெகட்டிவாக இருந்தும் முடக்குவாதம் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீங்கிய மூட்டுதான் சாட்சி.