சுங்குடிச் சேலைக் கடையின் சமூக ஊடகப் பக்கம்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

மதுரை விளக்குத்தூண் அருகே எங்கள் குடும்பம் நடத்தும் சுங்குடிச் சேலைக் கடையின் ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம் கணக்கு, வாட்ஸ்அப் பிசினஸ் எண் ஆகிய மூன்றையும் 2018 முதல் நானே கவனித்து வருகிறேன். இதற்கென்று தனியாகப் பயிற்சி எதுவும் பெற்றதில்லை. வியாபாரம் ஓய்ந்திருக்கும் பிற்பகலிலும் இரவில் கடை அடைத்த பிறகும் செய்யும் வேலை இது. சமூக ஊடகத்தால் ஒரே மாதத்தில் விற்பனை இரட்டிப்பாகும் என்று சொல்லும் காணொளிகள் ஏராளமாக இருக்கின்றன. எங்கள் அனுபவம் அப்படிப்பட்டது அன்று. பக்கத்துக்கு வந்து கேள்வி கேட்பவர்களில் பெரும்பாலோர் அக்காவின் திருமணத்திலோ பள்ளி ஆசிரியர் அறையிலோ எங்கள் சேலையை ஏற்கெனவே பார்த்தவர்கள். கடை உண்மையிலேயே இருக்கிறதா, விலை நியாயமா, கேட்டால் பதில் வருமா என்று உறுதிசெய்துகொள்ளத்தான் வருகிறார்கள். ஆகவே விசாரிப்பவருக்கு நாங்கள் சரியான பதிலைத் தாமதமின்றிச் சொல்ல எந்தத் தளம் எவ்வளவு உதவுகிறது என்பதை வைத்தே இவற்றை மதிப்பிடுகிறேன்.

முதலில் ஃபேஸ்புக். நான் பக்கத்தைப் பொறுப்பேற்ற அதே 2018 ஜனவரியில்தான், நண்பர்கள், குடும்பத்தினர் ஆகியோரின் பதிவுகளுக்கே முன்னுரிமை தரப்போவதாக அந்நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. பக்கங்களின் பதிவுகள் பின்தொடர்வோர் அனைவரையும் சென்றடையும் என்று எதிர்பார்ப்பதற்கு அதன் பிறகு இடமில்லை. ஆயினும் ஐம்பது வயதைத் தாண்டிய வாடிக்கையாளர்களும் சிங்கப்பூர், மலேசியாவில் வாழும் மதுரைக்காரர்களும் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். தமிழில் நீளமாகக் கருத்து எழுதுபவர்களும் அவர்களே. ஒரு சேலையின் படத்தைத் தங்கள் மகளின் பெயரைக் குறிப்பிட்டுப் பகிரும் அம்மாக்கள் எங்களுக்குச் செய்துதரும் விளம்பரத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. நேரலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2025 பிப்ரவரி முதல் நேரலைக் காணொளிகள் 30 நாட்களுக்குப் பிறகு நீக்கப்படுகின்றன. தேவையானவற்றை உடனே பதிவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

இன்ஸ்டாகிராமில் நிலைமை வேறு. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டு, அடுத்த மாதமே இந்தியாவில் ரீல்ஸ் அறிமுகமானபோது அதன் நீளம் 15 வினாடி மட்டுமே. 2025 தொடக்கத்தில் அது மூன்று நிமிடம் வரை நீட்டிக்கப்பட்டது. சுங்குடிக்கு இந்த நீளம் உண்மையாகவே பயன்பட்டது. துணியில் நூலால் சிறு சிறு முடிச்சுகள் போட்டு, சாயத்தில் தோய்த்து, காய்ந்த பின் முடிச்சை அவிழ்த்தால் புள்ளி தோன்றும் என்பதை 15 வினாடியில் காட்டலாம்; ஆனால் கை முடிச்சுச் சேலைக்கும் மெழுகு அச்சுச் சேலைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல அந்த நேரம் போதாது. அச்சில் புள்ளிகள் ஒரே அளவில் அணிவகுத்து நிற்கும். கை முடிச்சில் ஒன்றைப் போல் ஒன்று இராது. முடிச்சிருந்த இடத்தில் துணி லேசாகப் புடைத்திருக்கும். சலவையில் அது மெல்ல அடங்கிவிடும். விலை வேறுபாட்டுக்கான காரணமே இதுதான் என்பதால், இரண்டையும் அருகருகே விரித்துக் காட்டிய ரீல் ஒன்றைக் கணக்கின் மேற்புறத்திலேயே பொருத்தி வைத்திருக்கிறேன். ‘ஏன் இவ்வளவு விலை?’ என்ற கேள்விக்கு அதையே அனுப்பிவிடலாம். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியையும் சேர்த்துச் சொல்வேன். ஆனால் அதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் விரித்த அந்த இரு சேலைகளே வாங்குபவரை நம்ப வைக்கின்றன.

பாட்டு விஷயத்தில் புதிதாகத் தொடங்குவோர் பலர் குழம்புகிறார்கள். வணிகக் கணக்காகப் பதிவு செய்தால் திரைப்படப் பாடல்களில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்த முடியாது; உரிமச் சிக்கல் இல்லாத இசைத் தொகுப்பு மட்டுமே கிடைக்கும். இதற்காகக் கணக்கின் வகையை மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நான் மாற்றவில்லை. என் அத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசும் சௌராஷ்டிரத் தமிழே அந்தக் காணொளிகளுக்குப் போதுமான இசை என்று நினைக்கிறேன்.

நிறம்தான் இன்றுவரை தீராத தொல்லை. அரக்குச் சிவப்பு கைப்பேசித் திரையில் ஆரஞ்சாகத் தெரியும். மயில் கழுத்து நிறம் ஒருவர் திரையில் நீலமாகவும் இன்னொருவர் திரையில் பச்சையாகவும் தெரியும். கடைக்குள் இருக்கும் எல்.ஈ.டி. விளக்கின் கீழ் எடுக்கும் படத்தை நம்பவே கூடாது. காலை ஒன்பது மணிக்கு முன்பாக மொட்டை மாடியில், நேர் வெயில் படாத நிழலில், ஃபில்டர் எதுவும் இல்லாமல் எடுப்பதே எங்கள் வழக்கம். ஒவ்வொரு படத்திலும் சேலையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் தெரியும்படி வைப்போம். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் சேலையின் நிறமும் மாறித் தெரிகிறது என்று பார்ப்பவரே புரிந்துகொள்வார். அழகு சற்றுக் குறைந்தாலும், சேலையைத் திருப்பி அனுப்புவது இதனால் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

விலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துணிக்கடைப் பக்கங்களில் ‘விலைக்கு இன்பாக்ஸ் வாருங்கள்’ என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அருகிலுள்ள கடைக்காரர் பார்த்துவிடுவார் என்பது ஒரு காரணம். கருத்துகள் கூடினால் பதிவு மேலும் பலருக்குப் போகும் என்பது மற்றொன்று. இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. விளக்குத்தூணில் அடுத்த கடையின் விலை யாருக்கும் ரகசியமில்லை. ஆள் அனுப்பிக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விலையை மறைத்தால் ஒரே கேள்விக்கு ஒரே பதிலை நாளெல்லாம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட, தயங்கும் இயல்புடையவர்கள் கேட்காமலேயே கடந்து போய்விடுவார்கள்; எங்கள் வாடிக்கையாளர்களில் அத்தகையோர் அதிகம். பதிவிலேயே விலை, தபால் செலவு, சேலையின் நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, முதல் சலவையில் சாயம் சற்று இறங்குமா என்பவற்றை எழுதத் தொடங்கிய பின் வரும் விசாரணைகளின் எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் வருபவை ‘அந்த மாம்பழ மஞ்சள் இன்னும் இருக்கிறதா?’ என்ற அளவுக்குத் தெளிவானவை. எண்ணிக்கை குறைந்ததைக் கண்டு என் அண்ணன் கவலைப்பட்டார். கணக்குப் புத்தகத்தைப் பார்த்த பின் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டின் செய்திகளையும் ஒரே இடத்தில் காட்டும் மெட்டா பிசினஸ் சூட் செயலி இலவசமானது. பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கவும் உதவுகிறது. சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகள் முழுக்கக் கூட்டமாக இருக்கும்போது கைப்பேசியைத் தொடவே நேரம் இராது. அந்த வாரத்துக்கான பதிவுகளை முந்தைய வாரமே அடுக்கி வைத்துவிடுவேன். தானியங்கிப் பதிலில் மட்டும் கட்டுப்பாடு தேவை. கடை நேரத்தையும் பதில் எப்போது வரும் என்பதையும் சொல்லும் இரு வரிகளுக்கு மேல் அதில் எதையும் எழுதுவதில்லை. ‘அன்பான வாடிக்கையாளரே’ என்று தொடங்கும் பத்து வரிகளைப் படித்த பிறகும் தன் கேள்விக்கு விடை கிடைக்காதவர் மறுபடி எழுதுவதில்லை.

மூன்றில் வாட்ஸ்அப் பிசினஸையே முதலிடத்தில் வைப்பேன். 2018 ஜனவரியில் இந்தியாவில் அறிமுகமான இச்செயலியில் 2019 இறுதியில் கேட்லாக் வசதி, அதாவது பொருட்களைப் படத்துடன் பட்டியலிடும் வசதி, வந்தது. 500 பொருட்கள் வரை சேர்க்கலாம். லேபிள்கள்தாம் எனக்கு அதிகம் பயன்படுபவை: ‘பணம் வந்தது’, ‘பார்சல் போனது’, ‘நிறம் வந்ததும் சொல்ல வேண்டும்’ என்று பிரித்து வைத்தால் யாரையும் மறக்க வாய்ப்பில்லை. மூன்றாவதாகச் சொன்ன லேபிளில் இருப்பவர்களுக்குச் சாயப்பட்டறையிலிருந்து துணி வந்த அன்றே படம் அனுப்பினால், பெரும்பாலும் அந்த உரையாடலிலேயே விற்பனை முடிந்துவிடும். ஒரே எண்ணைக் கூடுதல் சாதனங்களிலும் இணைக்க முடிவதால், கல்லாவில் இருப்பவரும் பதில் சொல்லலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ப்ராட்காஸ்ட் பட்டியலில் ஒரு வரம்பு உண்டு: ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், அதிலும் நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதவரிடம் போய் விற்காமல் இருக்க இந்த வரம்பு உதவுகிறது என்பது என் எண்ணம்.

பணம் கொடுத்துச் செய்யும் விளம்பரத்தை ஆண்டு முழுவதும் நடத்துவதில்லை. கோடை தொடங்குவதற்கு முன்பும், ஜூனில் பள்ளிகள் திறக்கும் முன்பும், தீபாவளிக்கு முன்பும் மட்டும் செய்கிறேன். பருத்திச் சேலைக்கு முதல் இரண்டுமே முக்கியமான காலங்கள். பதிவைப் பணம் கட்டிப் பலருக்குக் காட்டும்படி பூஸ்ட் செய்யும்போது நோக்கம் எது என்று கேட்கும் இடத்தில் லைக்கைத் தேர்ந்தெடுத்தால் லைக்தான் வரும். செய்தி அனுப்புவோரைத் தேர்ந்தெடுத்தால் விசாரணை வரும். விளம்பரத் தொகையின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்பதைத் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ள வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி இரண்டொரு செய்திகள். ‘பதிப்புரிமை மீறலால் உங்கள் பக்கம் 24 மணி நேரத்தில் நீக்கப்படும்’ என்று இணைப்புடன் வரும் செய்திகள் பக்கம் வைத்திருக்கும் எல்லோருக்கும் வருபவை. அவற்றைத் தொடவே கூடாது. கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி வைப்பதும், முழு உரிமையுள்ள இன்னொருவரைக் குடும்பத்திலேயே சேர்த்து வைப்பதும் அவசியம். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பார்சல் கட்டக் கூடாது. வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகே முகவரி எழுத வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் பல மணி நேரம் முடங்கின. அன்று முதல் வாடிக்கையாளர் பெயர், எண், கடைசியாக வாங்கிய சேலை ஆகியவற்றைக் கோடு போட்ட நோட்டிலும் எழுதி வருகிறோம்.

சொந்த இணையதளம் தொடங்கச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். அச்சுச் சேலைகளுக்கு அது பொருந்தும். ஒரே வடிவில் பல சேலைகள் கையிருப்பில் இருக்கும். கை முடிச்சுச் சேலை ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். காலையில் கடைக்கு நேரில் வந்தவர் எடுத்துச் சென்ற சேலையை மாலையில் வெளியூரிலிருந்து ஒருவர் பணம் கட்டி வாங்கிவிட்டால் இருவரில் ஒருவருக்கு ஏமாற்றம்தான். விற்ற உடனே பட்டியலிலிருந்து நீக்குவதற்கென்று ஓர் ஆளை அமர்த்தும் அளவுக்கு வியாபாரம் வளர்ந்தால் அதைப் பற்றி யோசிப்போம். அதுவரை, ‘அது இருக்கிறதா?’ என்று கேட்டால் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் எழுதும் இந்த முறையே தொடரும்.