ஜிஆர்இ ரெண்டாவது தடவ எழுதுறீங்களா? பவர்பிரெப் பத்தி கிருஷ்ணகிரில இருந்து ஒரு ரிவ்யூ

ஜிஆர்இ, அதாவது வெளிநாட்டுல எம்எஸ் மாதிரி மேல்படிப்புக்கு எழுதுற பரிச்சைய, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இந்த ரிவ்யூ அவ்ளோ உதவாது. ஒரு தடவ எழுதி முடிச்சு, ஸ்கிரீன்ல வந்த மார்க்க பாத்து, இதுக்கா இருபதாயிரத்துக்கு மேல கட்டுனோம்னு வெறுத்துப்போய் உக்காந்திருக்கவங்களுக்குதான் எழுதுறேன். எனக்கு மொத தடவ 340க்கு 303. நான் மனசுல வெச்சிருந்த எம்எஸ் ப்ரோக்ராமுக்கு அது பத்தாது, குவாண்ட்ல, அதாவது கணக்கு பகுதில, இன்னும் நல்லா வந்தாதான் ஆகும்.

வீட்ல சொன்னப்போ அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "மறுபடியும் பணம் கட்றது இருக்கட்டும்மா, போன தடவ எதுல போச்சுன்னு தெரியுமா?" மாங்கா மண்டில கணக்கு எழுதுற மனுசன், லாபமா நஷ்டமான்னு மட்டும் பாக்க மாட்டார், எந்த லோடுல போச்சுன்னு கேப்பார். ஸ்கோர் ரிப்போர்ட்ல அதுக்கு பதில் இல்ல. வெர்பல் (இங்கிலீஷ் பகுதி) இவ்ளோ, குவாண்ட் இவ்ளோ, எஸ்ஸே இவ்ளோ, கூட பெர்சன்டைல், அவ்ளோதான் வரும்.

சரி, பவர்பிரெப்புக்கு வரேன். இது இடிஎஸ், அதாவது ஜிஆர்இ பரிச்சைய நடத்துறவங்களே குடுக்குற ப்ராக்டிஸ் டெஸ்ட். அக்கவுன்ட் ஓப்பன் பண்ணா ரெண்டு ஃபுல் டெஸ்ட் ஃப்ரீ. அதுக்கு மேல வேணும்னா பவர்பிரெப் ப்ளஸ், 2024 வாக்குல ஒரு டெஸ்ட்டுக்கு கிட்டத்தட்ட 40 டாலர் இருந்துச்சு. நம்ம ஊர் காசுல அது சின்ன தொகை இல்லதான், ஆனா பரிச்சை ஃபீஸோட வெச்சு பாருங்க.

இதுல என்ன பெருசா இருக்குன்னு கேட்டா, ஸ்கிரீன் அப்படியே அசல் பரிச்சை ஸ்கிரீன். மார்க் பட்டன், ரிவ்யூ பட்டன், அந்த சின்ன கால்குலேட்டர், டைமர் எல்லாம் அதே. 2023 செப்டம்பர்ல இருந்து பரிச்சைய சுருக்கிட்டாங்கன்னு தெரியும்ல, முன்னாடி மூணே முக்கால் மணி நேரம் இருந்தது இப்போ 1 மணி 58 நிமிஷம், நடுவுல பிரேக் கிடையாது. எஸ்ஸே ஒண்ணு 30 நிமிஷம், வெர்பல்ல 12 கேள்விக்கு 18 நிமிஷம் அப்புறம் 15 கேள்விக்கு 23 நிமிஷம், குவாண்ட்ல 12க்கு 21, 15க்கு 26. மொத செக்‌ஷன்ல எப்படி பண்றோமோ அத வெச்சுதான் ரெண்டாவது செக்‌ஷன் கஷ்டமா வருதா ஈசியா வருதான்னு முடிவாகும். கேள்வி கொறஞ்சதால ஒவ்வொரு கேள்வியோட வெயிட்டும் ஏறிடுச்சு, மொத 12 கேள்வில கவனக்கொறைவா நெறைய விட்டா ரெண்டாவது செக்‌ஷன்ல என்னதான் பொளந்து கட்டுனாலும் மேல ஏற ஒரு அளவுதான் இடம் இருக்கும்.

நான் மொத தடவ போன கோச்சிங் சென்டர்ல (பேரு வேணாம், அவங்க பொழப்பு) மாக் டெஸ்ட் எல்லாம் ஜெராக்ஸ் தாள்லதான். பழைய நீளமான மாடல் வேற. மொத செக்‌ஷன பொறுத்து ரெண்டாவது மாறுற அந்த அடாப்டிவ் முறை தாள்ல எப்படி வரும் சொல்லுங்க? அங்க வாங்குன மார்க்குக்கும் நெஜ மார்க்குக்கும் சம்பந்தமே இல்ல. வொக்காபுலரி லிஸ்ட் மட்டும் நல்லா குடுத்தாங்க, அத இல்லன்னு சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது ரவுண்டுக்கு ஊருக்குள்ளயே ஒரு ஸ்டடி ஹால்ல மாச வாடகைக்கு சீட்டு போட்டேன். சுத்தி எல்லாருமே டிஎன்பிஎஸ்சி, போலீஸ் எக்ஸாம் ஆளுங்க, சமச்சீர் புக்க அடுக்கி வெச்சு மெல்லமா முணுமுணுத்துட்டே இருப்பாங்க. பக்கத்து சீட்டு அக்கா என் லேப்டாப்ப எட்டிப்பாத்துட்டு "என்ன குரூப் டூவா, எல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கு"ன்னு கேட்டாங்க. விளக்கி சொன்னதுக்கு "ஓ, வருசத்துல அஞ்சு தடவ எழுதலாமா, குடுத்து வெச்சவங்க"ன்னு சொல்லிட்டு திரும்ப மௌரியப் பேரரசுக்கே போயிட்டாங்க. அவங்க சொன்னதும் நியாயம்தான், குரூப் டூக்கு ஒரு நோட்டிஃபிகேஷன் விட்டா அடுத்தது எப்போன்னு காத்துக் கெடக்கணும், இங்க 21 நாள் இடைவெளி விட்டா போதும், 12 மாசத்துக்குள்ள அஞ்சு தடவ வரைக்கும் எழுதலாம். காசுதான் இருக்கணும்.

டெஸ்ட் முடிஞ்சதும் வர்ற ரிவ்யூ பக்கத்துலதான் எனக்கு விசயமே கெடைச்சுது. எந்த கேள்வி சரி, எது தப்பு, எதுக்கு எவ்ளோ நேரம் எடுத்தோம்னு எல்லாம் காட்டும். உக்காந்து நோட்டுல எழுதி பாத்தா, நான் பயந்துட்டு இருந்த பெரிய பெரிய கணக்கெல்லாம் சரியாதான் வந்திருக்கு, மார்க் போனது முக்காவாசி குவான்டிடேட்டிவ் கம்பேரிசன்ல (ரெண்டு அளவுல எது பெருசுன்னு கேக்குற கேள்வி), அதுவும் ஒரு நிமிஷத்துக்குள்ள டக்குனு போட்ட கேள்விங்கள்ல. x-னு குடுத்தா அது நெகட்டிவா இருக்கலாம், ஜீரோவா இருக்கலாம், பின்னமா இருக்கலாம், அதனால எது பெருசுங்கிறதே மாறுச்சுன்னா விடை டி, அதாவது முடிவு பண்ண முடியாது. அடுத்து, சரியானது எல்லாத்தையும் டிக் பண்ணுன்னு வர்ற கேள்விங்க. இதுல மூணுல ரெண்டு கரெக்டா டிக் பண்ணாலும் மார்க் கெடையாது, வெர்பல்ல மூணு கோடிட்ட இடம் வர்றதுக்கும் அதே கதைதான். தப்பா போட்டா மைனஸ் இல்லைங்கிறதால எதையும் விடாம போட்டுடணும். கோச்சிங்ல இருந்தப்போ எனக்கு ஜியோமெட்ரி வீக்னு சொல்லி அதுலயே வாரக்கணக்கா ஓட்டுனாங்க, இங்க பாத்தா ஜியோமெட்ரில ஒண்ணுதான் தப்பு!

கொறைங்களும் இருக்கு. ஃப்ரீ டெஸ்ட்ல ஏன் தப்புன்னு விளக்கம் வராது, எஸ்ஸேவுக்கு மார்க்கும் வராது, ரெண்டுமே ப்ளஸ்லதான். ஃப்ரீ டெஸ்ட்ட திரும்ப எழுதலாம், ஆனா அதே கேள்விங்கதான், அப்போ வர்ற மார்க்க நம்பி டேட் புக் பண்ணாதீங்க. அதனால ரெண்டாவது தடவ எழுதுறவங்க ஒரு ஃப்ரீ டெஸ்ட்ட ஆரம்பத்துலயே எழுதி ஓட்டை எங்கன்னு பாருங்க, இன்னொண்ண தொடாம வெச்சுக்கோங்க, பரிச்சைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி எழுதுங்க. நடுவுல ப்ளஸ் ஒண்ணு வாங்குனா போதும், மூணும் வாங்கணும்னு இல்ல. நடுவுல பயிற்சிக்கு இடிஎஸ்ஸோட மேத் ரிவ்யூ பிடிஎஃப் ஃப்ரீயாவே கெடைக்குது, குவாண்டுக்குன்னு தனியா போட்டிருக்க 150 கேள்வி புக்கும் நல்லா இருக்கு. எஸ்ஸே டாபிக் லிஸ்ட்டயும் அவங்களே வெளியிட்டிருக்காங்க, பரிச்சைக்கு வர்றது அதுல இருந்துதான்.

ஆளு ஆளுக்கு 21 நாள் கழிச்சு உடனே எழுதிடுன்னு சொல்லுவாங்க. ஓட்டை எதுன்னு தெரியாம 21 நாள்ல திரும்பப் போனா திரும்ப அதே மார்க்கு பக்கத்துலதான் வரும்னு நெனைக்கிறேன். ஆனா அப்ளிகேஷன் டெட்லைனையும் பாத்துக்கோங்க, அஃபீஷியல் ஸ்கோர் வர 8ல இருந்து 10 நாள் ஆகும், டிசம்பர் டெட்லைன வெச்சுட்டு டிசம்பர்ல எழுதினா டென்ஷன்தான். மொத மார்க்க நெனச்சு பயப்படவும் வேணாம், ஸ்கோர்செலக்ட்ல கடைசியா எழுதுனத மட்டும் அனுப்பலாம், பழசு காலேஜுக்கு தெரியாது. ஆனா போன தடவ வெர்பல், இந்த தடவ குவாண்ட்னு கலந்து அனுப்ப முடியாது, ஒரு தேதில எழுதுனது மொத்தமாதான் போகும்.

வீட்ல இருந்தும் எழுதலாம். கதவு சாத்தின ரூம்ல தனியா இருக்கணும், வேற யாரும் உள்ள வரக்கூடாது, ரஃப் வொர்க்குக்கு சும்மா பேப்பர் கூடாது, சின்ன வொயிட்போர்டு, இல்லன்னா கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கவருக்குள்ள வெச்ச ஒரு பேப்பர்தான். எங்க வீட்டுக்கு பின்னாடியே கல்யாண மண்டபம், முகூர்த்த நாள்ல ஸ்பீக்கர் சத்தம் செவுத்தையே ஆட்டும், கரன்ட்டுக்கும் கியாரன்டி இல்ல. அதனால பெங்களூர் சென்டருக்கே போனேன். 90 கிலோமீட்டர்தான், ஆனா அத்திப்பள்ளி தாண்டி சில்க்போர்டு வரைக்கும் என்ன ஆகும்னு சொல்லவே முடியாது, நம்ம பக்கத்து ஆளுங்க மத்தியான ஸ்லாட்டா போடுங்க. இன்னொண்ணு, ரிஜிஸ்டர் பண்றப்போ பேரு பாஸ்போர்ட்ல இருக்க மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கணும். நமக்கு இனிஷியல் பழக்கம், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கும், இங்க வெறும் இனிஷியல் போட்டா உள்ள விடலைன்னா என்ன பண்றது?

ரெண்டாவது தடவ வந்தது 316. இதுல பவர்பிரெப் பங்கு எவ்ளோ, சும்மா ரெண்டாவது தடவைங்கிறதால பதட்டம் கொறஞ்ச பங்கு எவ்ளோன்னு பிரிச்சு சொல்ல முடியல. ஃப்ரீ டெஸ்ட்டுக்கு அஞ்சுக்கு அஞ்சு, ப்ளஸ்ஸுக்கு விலைக்காக மூணரை. குவாண்ட் ஏற்கனவே 170க்கு 165க்கு மேல இருந்து வெர்பல் மட்டும் இடிக்குதுன்னா ப்ளஸ் வாங்குறத விட வெர்பலுக்கான 150 கேள்வி புக்க வாங்குங்க, அது இன்னும் கம்மி காசு.

ப்ளஸ் வாங்குறப்போ டாலர்லதான் பேமென்ட், சாதா டெபிட் கார்டுல இன்டர்நேஷனல் ஆஃப்ல இருந்தா போகாது, பேங்க் ஆப்புக்குள்ள போய் ஆன் பண்ணிக்கோங்க, வேல முடிஞ்சதும் மறக்காம ஆஃப் பண்ணிடுங்க.