அம்மாவின் கிறிஸ்துமஸ் பார்சலும் ‘ஐந்து வேலை நாள்’ கூரியரும்

வெளிநாட்டில் ஊழியம் செய்யும் மகனுக்கோ மகளுக்கோ கிறிஸ்துமஸ் பார்சல் அனுப்ப நினைக்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், என் வீட்டார் பயன்படுத்திய ஒரு தனியார் சர்வதேசக் கூரியர் சேவையைப் பற்றி இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். எனக்கு நேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை வேறு சேவைகளைப் பயன்படுத்திய மற்ற மிஷனரிகளுக்கும் நேர்ந்திருந்தன என்பதைப் பின்னர் அவர்களிடம் பேசித் தெரிந்துகொண்டேன்.

நான் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் மிஷனரியாக இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்தேன். எங்கள் சபையில் 2012 முதல் ஆண்கள் 18 வயதிலேயே புறப்படலாம். ஆண்களுக்கு 24 மாதங்கள், பெண்களுக்கு 18 மாதங்கள் ஊழியக் காலம். எவரும் தனியாக இருப்பதில்லை, எப்போதும் ஒரு தோழருடன் இருவராகவே தங்கி, இருவராகவே வெளியே செல்ல வேண்டும். இந்த மதிப்புரைக்கு முக்கியமான செய்தி மற்றொன்று உண்டு: ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். அதில் பெயர் இருந்தால் இரண்டொரு நாளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்கு, வேறு தோழரிடம் போய்ச் சேர வேண்டும். ஒரு மிஷனரியின் முகவரிக்கு ஆறு வாரத்திற்கு மேல் உத்தரவாதம் கிடையாது என்பதை எந்தக் கூரியர் நிறுவனமும் அறிந்திருக்கவில்லை, உண்மையில் என் அம்மாவும் அதை அவ்வளவாக எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பார்சலைப் பெற்றுக்கொண்ட முகவர் தம் தொழிலை அறிந்தவர். அம்மா கொண்டுபோன அட்டைப்பெட்டி 40 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் கொண்டது; உள்ளே இருந்த பொருள்களின் எடையோ மூன்றரை கிலோவுக்கும் குறைவு. கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்துக் கன எடை என்ற ஒன்றைக் கணக்கிட்டு, அதற்கும் உண்மையான எடைக்கும் இடையில் எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்குகின்றன. அந்தக் கணக்கின்படி அம்மாவின் பெட்டி 7.2 கிலோ ஆகிவிட்டது. முகவர் பேசாமல் அந்தத் தொகையை வாங்கிக்கொண்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், எல்லாவற்றையும் வெளியே எடுத்து, 35, 25, 20 அளவுள்ள பெட்டிக்குள் அடுக்கி, மூன்றரை கிலோவுக்குள் கொண்டுவந்தார். கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் ஒன்றை அண்ணன் உள்ளே வைத்திருந்ததையும் அவரே கண்டுபிடித்து எடுத்துக் கொடுத்தார். தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றக் கூடாது என்ற தடை 2016 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது உள்ளேயே இருந்திருந்தால் பார்சல் விமான நிலையத்தோடு நின்றிருக்கும். இந்த ஒரு மனிதருக்காக மட்டும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன்.

டிசம்பர் 5ஆம் நாள் பார்சல் புறப்பட்டது. ‘ஐந்து வேலை நாள்களில் வீட்டு வாசலில்’ என்பது நிறுவனத்தின் வாக்குறுதி. விமானப் பயணத்தைப் பொறுத்தவரை வாக்கு தவறவில்லை. ஒன்பதாம் தேதியே பார்சல் நான் இருந்த நாட்டை அடைந்துவிட்டதாகக் கண்காணிப்புப் பக்கம் காட்டியது. அதன் பிறகு ஆறு நாள்கள் ‘சுங்கத்தில் உள்ளது’ என்ற ஒரே வரி.

காரணம் என் பெயர். எங்கள் சபையில் ஊழியத்தில் இருக்கும் இளைஞர்களை மூப்பர் என்ற அடைமொழியோடு குடும்பப் பெயரைச் சேர்த்து அழைப்பது வழக்கம். சட்டையில் குத்தும் பெயர்ப்பலகையிலும் அவ்வளவுதான் இருக்கும். அம்மா பெருமையோடு அதையே பெறுநர் பெயராக எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் தனிநபர் பெயருக்கு வரும் கூரியர் பொருள்களுக்குப் பல நாடுகளில் பெறுநரின் அடையாள ஆவணம் கேட்கப்படுகிறது. பார்சலில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். பத்தொன்பது வயதில் மூப்பராக எவரும் கடவுச்சீட்டு எடுப்பதில்லை. இதோடு, உள்ளடக்கத்திற்கான இடத்தில் ‘கிறிஸ்துமஸ் பரிசு’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. பரிசு என்பது அனுப்பும் நோக்கமே தவிரப் பொருளின் பெயர் அல்ல என்பது சுங்கத்தாரின் நிலை. கம்பளிக் காலுறை எத்தனை இணை, என்ன மதிப்பு என்று பொருள்வாரியாக எழுதியிருக்க வேண்டும். பெட்டியை மாற்றிக் கட்டிக்கொடுத்த அந்த நல்ல முகவர் இதை எப்படிக் கவனிக்கத் தவறினார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அடுத்தது வரி. கூரியர் கட்டணம்போல் எல்லாவற்றையும் அனுப்பும்போதே செலுத்திவிட்டதாக வீட்டில் நினைத்திருந்தார்கள். அனுப்புநரே சுங்கவரியையும் ஏற்கும் முறையைத் தனியே தேர்ந்தெடுக்காவிட்டால் வரி பெறுநரின் தலையில்தான் விழும். அதைச் சுங்கத்திற்கு முன்கூட்டிக் கட்டியதற்காக நிறுவனம் தனியாக ஒரு சேவைக் கட்டணமும் போடும். மாதந்தோறும் அளந்து கொடுக்கப்படும் உதவித்தொகையில் உணவும் பேருந்துச் செலவும் பார்க்கும் மிஷனரியிடம், அம்மா அனுப்பிய காலுறைக்குப் பணம் கட்டு என்று குறுஞ்செய்தி வருவது மகிழ்ச்சியான அனுபவம் அன்று. பதிவு செய்யும் இடத்திலேயே இதை ஒரு வரியில் கேட்டிருக்கலாம் என்பதுதான் என் முறையீடு.

பதினைந்தாம் தேதி சுங்கம் முடிந்தது. பதினாறாம் தேதி எனக்கு இடமாற்றம் வந்தது.

இங்கிருந்து சேவையின் தரம் சரிந்துவிட்டது. பழைய முகவரிக்கு இரண்டு நாள் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். மிஷனரிகள் காலை ஆறரைக்கு எழுந்து, வேத வாசிப்பை முடித்துப் புறப்பட்டால் இருட்டிய பிறகே வீடு திரும்புவார்கள்; பகலில் அங்கே எவரும் இருக்க வழியில்லை. டிசம்பரில் இன்னும் மோசம். அன்றாடம் யாருக்கேனும் ஒரு நன்மை செய்யும்படி தூண்டும் இயக்கம் ஒன்றை 2016 முதல் ஆண்டுதோறும் இந்த மாதத்தில் எங்கள் சபை நடத்திவருவதால், வழக்கத்தைவிட அதிக நேரம் வெளியிலேயே கழியும். புதிய முகவரியைக் கொடுக்க நான் அழைத்தபோது, முகவரி மாற்றத்தை அனுப்புநர்தான் கோர வேண்டும் என்றார்கள். அனுப்புநர் அழைத்தபோது, பொருள் சென்று சேர்ந்த நாட்டின் அலுவலகம்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். இரண்டும் முடிந்து, முகவரித் திருத்தத்திற்கான கூடுதல் கட்டணமும் கட்டிய பிறகு, விடுமுறை தொடங்கிவிட்டது.

ஒரு பெட்டிக்காக இவ்வளவு புலம்புவானேன் என்று வாசிப்பவர் கேட்கலாம். ஊழியத்தில் இருப்பவருக்கு ஆண்டின் மற்ற நாள்கள் வேலையிலேயே ஓடிவிடும்; வீட்டு நினைவு வந்தாலும் அடுத்த கதவைத் தட்டும்போது அது கலைந்துவிடும். கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்தக் கதவுகளே திறப்பதில்லை. வரச்சொன்னவர்கள் உறவினர் வந்திருப்பதாகச் சொல்லி மற்றொரு நாளுக்குத் தள்ளிப்போடுவார்கள், அது நியாயமும்கூட. ஜன்னல்களுக்குள் விளக்கு எரிவதைப் பார்த்தபடி, சட்டைப்பையில் பெயர்ப்பலகையோடு இரண்டு இளைஞர்கள் தெருவில் நடப்பதைப் போல் அந்நியமான காட்சி வேறில்லை. நாங்கள் யாருடைய பிறப்பை அறிவிக்க வந்தோமோ அந்த நாளில்தான் எங்களைக் கேட்க எவருக்கும் நேரமில்லை. மாலையில் அறைக்குத் திரும்பும்போது வீட்டுக் கையெழுத்தில் ஒரு பெட்டி காத்திருப்பது அப்போது என்ன பொருள்படும் என்பதைப் போய் இருந்தவர்களே அறிவார்கள்.

எங்களுக்கு வீட்டாரோடு பேச முடியாமல் இல்லை. முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்திற்கும் மட்டுமே அழைப்பு அனுமதி இருந்தது. 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் ஆயத்த நாளில், அதாவது சொந்த வேலைகளுக்கென ஒதுக்கப்பட்ட நாளில், பேசலாம் என்று மாற்றினார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் அன்றும் காணொளியில் பேசினோம். நலம் விசாரிக்கும் முன்பே அம்மா, “பார்சல் வந்துச்சா?” என்றார். வரவில்லை என்று சொல்லவும் முடியாமல், வந்துவிட்டது என்று பொய் சொல்லவும் முடியாமல், “வழியில இருக்கும்மா” என்றேன். கண்காணிப்புப் பக்கத்தில் அப்போதும் ‘பெறுநர் இல்லை’ என்றே இருந்தது.

என் புதிய தோழர் ஊழியத்திற்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவர். அவருக்கு வந்திருந்தது பெட்டியே அன்று. ஒரு தட்டையான உறை. அவருடைய வீட்டார் கடிதங்களையும் வாழ்த்து அட்டைகளையும் மட்டும் சேர்த்து, சாதாரண அஞ்சலில், நவம்பர் தொடக்கத்தில், எங்கள் மிஷன் அலுவலக முகவரிக்கு அனுப்பியிருந்தார்கள். 1874இல் பேர்ன் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில் பிறந்த உலக அஞ்சல் ஒன்றியத்தின் ஏற்பாட்டில், ஒரு நாட்டின் அஞ்சல்துறை மற்றொரு நாட்டின் அஞ்சல்துறையிடம் பையை ஒப்படைத்துவிடுகிறது. வேகம் குறைவுதான், ஆனால் கடிதங்கள் மட்டும் உள்ள உறைக்குச் சுங்கவரியும் இல்லை, அடையாள ஆவணமும் வேண்டாம். மிஷனரி எந்த ஊருக்கு மாறினாலும் மிஷன் அலுவலகம் மாறுவதில்லை. எங்கள் பகுதி மிஷனரிகள் கூடும் டிசம்பர் மண்டல மாநாட்டில் அதை அவர் கையில் கொடுத்தார்கள். கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

என் பார்சல் ஜனவரி 8ஆம் நாள் வந்தது. ஒரு மூலை நசுங்கியிருந்தாலும் உள்ளே எதுவும் குறையவில்லை, எதுவும் உடையவில்லை. இதையும் நிறுவனத்தின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். எனக்கான பொருள்களுக்கு அடியில் இன்னொரு பொட்டலம் இருந்தது. அதன்மேல் ‘தோழருக்கு’ என்று எழுதியிருந்தார் அம்மா. தோழர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால் பெயர் எழுதவில்லையாம். முகவரியில் செய்யத் தவறிய முன்யோசனையை இதில் செய்திருந்தார். உள்ளே இருந்த கம்பளிக் கையுறை புதிய தோழருக்குச் சற்றுப் பெரிதாக இருந்தது.

வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதிய முறையீட்டுக்கு, தாமதம் சுங்கத்தால் நேர்ந்தது என்ற பதில் வந்தது. மீண்டும் எழுதிய பிறகு முகவரித் திருத்தக் கட்டணத்தை மட்டும் மார்ச் மாதத்தில் திருப்பித் தந்தார்கள். ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன், அதில் பெரும்பகுதி அந்த முகவருக்குரியது. நிலையான முகவரியும் பகலில் வீட்டில் ஆளும் உள்ளவர்களுக்கு இந்தச் சேவை நன்றாகவே பொருந்தும். மிஷனரிக்கு அனுப்புவதானால் கடவுச்சீட்டுப் பெயரில், மிஷன் அலுவலக முகவரிக்கு, வரியைத் தாமே செலுத்தும் முறையில், நவம்பர் பாதிக்குள் அனுப்புவதாக இருந்தால் மட்டும் இதை நாடுங்கள். கப்பல் வழி அஞ்சலை நினைப்பவர்கள் அது பல தடங்களில் இரண்டு மூன்று மாதங்கள் எடுத்துக்கொள்ளும் என்பதையும், அதற்குள் இரண்டு இடமாற்றங்கள் வந்துபோகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

என் தங்கை இப்போது தன்னுடைய 18 மாத ஊழியத்தில் இருக்கிறாள். அம்மா அக்டோபரிலேயே உறைகளை வாங்கி வைத்துவிட்டார். பெட்டி வேண்டாமா என்று கேட்டதற்கு, கையுறை உறைக்குள் அடங்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.