ஸ்வால்பார்டு விதைக் கிடங்கு: வாடகை இல்லாத லாக்கர்

பேரிடர் வந்தாலும் பயிர்கள் அழிந்துவிடாதபடி உலக நாடுகளின் விதைகளைப் பத்திரமாக வைக்க, ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் நார்வே 2008இல் திறந்த இந்தக் கிடங்கை பேங்க் லாக்கராக நினைத்துப் பார்த்தால் சேவை அருமை: வாடகை கிடையாது, மைனஸ் 18 டிகிரி குளிர், வைத்தவரைத் தவிர யாரும் பெட்டியைத் திறக்க முடியாது. வட கொரியா அனுப்பிய மரப்பெட்டிகளும் அமெரிக்க விதைகளும் ஒரே கூரைக்குக் கீழே சண்டையில்லாமல் கிடக்கின்றன!

சிரியாவில் போர் மூண்டு அலெப்போ விதை வங்கியை நடத்த முடியாமல் போனபோது, 2015இல் இங்கே வைத்திருந்த கோதுமை, பார்லி விதைகளை எடுத்துத்தான் லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்தார்கள், அப்புறம் 2017இல் நல்ல பிள்ளையாகத் திருப்பி வைக்கவும் தொடங்கினார்கள்.

குறை ஒன்று. 2016இல் வாசல் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து உறைந்துவிட்டது. விதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி, ஆனால் பேரிடருக்குப் பயந்து கட்டிய இடத்தையே பருவநிலை மாற்றம் வந்து எட்டிப் பார்த்தது கொஞ்சம் ஓவர். பிறகு சுரங்கத்தையே நீர் புகாதபடி மாற்றிக் கட்டினார்கள். ஐந்துக்கு நாலரை.