மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா?

நம் தளம் எதிர்பார்க்கிற வசதி பிரவுசரில் இல்லை என்றால் என்ன செய்வது? பழைய பதில்கள் இரண்டு. எல்லா ஜிகினாவோடும் கட்டி முடித்துவிட்டு, வசதி இல்லாதவர்களுக்கு அப்புறம் ஒட்டுப்போடுவது கிரேஸ்ஃபுல் டிகிரடேஷன், அதாவது மேலிருந்து கீழே. பக்கத்தின் எலும்புக்கூடான ஹெச்டிஎம்எல்லிலேயே வேலை முடிகிற மாதிரி முதலில் செய்துவிட்டு அதன்மேல் தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், அதற்கும் மேல் பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்ட்டான ஜாவாஸ்கிரிப்ட் என்று ஏற்றிக்கொண்டே போவது ப்ரோக்ரஸிவ் என்ஹான்ஸ்மென்ட், அதாவது கீழிருந்து மேலே. இந்தப் பெயர் 2003-ல் வந்தது.

எந்தப் பக்கம் தொடங்கினாலும் ஒரே இடத்தில்தானே போய் நிற்போம் என்று நானும் நினைத்திருந்தேன், 2019-ல் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவுப் படிவம் செய்து கொடுக்கும் வரை. தேதிக்கு ஹெச்டிஎம்எல்லின் டேட் இன்புட்டைப் போட்டேன். என் குரோமில் அழகாகக் காலண்டர் விரிந்தது, அத்தோடு வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன். அன்றைக்கு மேக்கில் இருந்த சஃபாரிக்கு அந்த வசதி கிடையாது (2021-ல் 14.1 பதிப்பில்தான் வந்தது). தெரியாத இன்புட் வகையைப் பிரவுசர் சாதாரண எழுத்துப் பெட்டியாகக் காட்டிவிடும், எதுவும் உடையாது, பிழைச்செய்தியும் வராது. அமெரிக்காவிலிருந்து ஒருவர் அந்தப் பெட்டியில் 06/05 என்று அடித்தார், அவர் கணக்கில் ஜூன் 5. மண்டபக்காரர் அதை மே 6 என்று படித்தார். நல்லவேளை, அட்வான்ஸ் கேட்க போன் செய்தபோது விஷயம் வெளியே வந்தது.

தப்பு என்னுடையதுதான். மேலிருந்து தொடங்கியதால் அந்த வெறும் பெட்டியை நான் கண்ணாலேயே பார்க்கவில்லை. கீழிருந்து தொடங்கியிருந்தால் முதலில் பார்த்திருப்பதே அதைத்தான்.

டிகிரடேஷன்காரர்கள் வழக்கமாக நம்புவது, பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாவிட்டாலோ அணைந்திருந்தாலோ மட்டும் மாற்று வாசகத்தைக் காட்டும் நோஸ்கிரிப்ட் டேக்கை. அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளத்தில் 2013-ல் அளந்து பார்த்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேராத வருகைகள் 1.1 சதவீதம். அதில் ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்து வைத்தவர்கள், அது இல்லாத பிரவுசர்காரர்கள் எல்லாம் சேர்த்தே 0.2 சதவீதம்தான். மிச்சம் 0.9 சதவீதத்தினரின் பிரவுசரில் குறையே இல்லை, ஸ்கிரிப்ட்தான் ஓடவில்லை: பாதியில் அறுந்த நெட், அலுவலக ஃபயர்வால், இப்படி எத்தனையோ காரணம் இருக்கலாம். அவர்களுக்கு நோஸ்கிரிப்ட் காட்டவே காட்டாது. டிவ் என்ற வெறும் கட்டத்தில், அழுத்தினால் ஸ்கிரிப்ட்டைக் கூப்பிடும் ஆன்கிளிக்கை மாட்டி பட்டன் மாதிரி பெயின்ட் அடித்து வைத்திருந்தால், அவர்கள் அதை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பாலிஃபில் என்று மூன்றாவது ஒரு வழியும் உண்டு, இல்லாத வசதியை ஸ்கிரிப்ட்டால் போலி செய்வது. இருப்பதிலேயே பழைய கருவிக்கு இருப்பதிலேயே கனமான மூட்டையை அனுப்புவது எனக்கு என்னவோ ஒட்டவில்லை. அதிலும், பாலிஃபில்.ஐஓ என்ற முகவரி கைமாறி, அங்கிருந்து ஸ்கிரிப்ட் எடுத்த தளங்களுக்குக் கெட்ட கோடு போனது 2024-ல் தெரியவந்தபிறகு, அடுத்தவர் சர்வரிலிருந்து அதை இழுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் கீழிருந்துதான் என்று அடம்பிடிக்கவும் மாட்டேன். பிரவுசருக்குள் ஓடும் போட்டோ எடிட்டருக்கு வெறும் ஹெச்டிஎம்எல் வடிவம் என்று என்ன இருக்கிறது? அங்கே ‘இந்த பிரவுசரில் ஓடாது’ என்று நேராகச் சொல்லிவிடுவதே மரியாதை. யாரோ கட்டிய பத்து வருஷத் தளம் கைக்கு வந்தாலும் ஒட்டுப்போடுவதுதான் கதி, இடித்துக் கட்ட யார் காசு தருவார்கள்?

ஆனால் படிவம், செய்தி, கட்டணம் என்றால் கீழிருந்துதான். மண்டபப் படிவத்தில் இப்போது நாள், மாதம், வருஷம் என்று மூன்று தேர்வுப் பெட்டிகள், மாதம் எழுத்தில். ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்தால் ஒரு இன்புட்டை உருவாக்கி அதன் வகையை டேட் என்று மாற்றிப் பார்க்கும். திரும்பக் கேட்கும்போதும் டேட் என்றே சொன்னால் காலண்டரை வைக்கும், டெக்ஸ்ட் என்றால் மூன்று பெட்டியும் அப்படியே இருக்கும். மண்டபக்காரர் மட்டும் இன்னும் ஒவ்வொரு பதிவுக்கும் போன் போட்டு, தேதியோடு கிழமையையும் கேட்டுக்கொள்கிறார்.